வோக்கி டோக்கிக்கும் ஒரு பற்றுக் கொப்பி

எமதூர் வர்த்தகர்கள் சிலர் அண்மையில் ஒன்றுகூடி, பள்ளிவாசல் தொண்டர் குழுவுக்கு வோக்கி டோக்கி எனப்படும் கையடக்க வானொலிக் கருவிகள் வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள. வெள்ளமும் புயலும் தவணை தவறாமல் வந்துபோகும் பிரதேசம் இது. ஆகவே நல்ல தீர்மானம். கருவிக்கு எவ்வளவு, பற்றரிக்கு எவ்வளவு, படகு இயந்திரத்துக்கு எவ்வளவு என்று எல்லாம் விரல் விட்டு எண்ணினார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற வகையில் என்னையும் அழைத்திருந்தார்கள். யார், எத்தனை மணிக்கு, யாரிடம், என்ன சொன்னார் என்பதை எழுதி வைக்கப் போவது யார் என்று நான் கேட்டேன். ஒரு ஹாஜியார் சிரித்துவிட்டார்.

"தம்பி, ஆள் தாழுற நேரத்தில கொப்பி எழுதிக்கிட்டா இரிக்கிற?"

அந்த ஹாஜியாரின் மொத்த வியாபாரக் கடையிலிருந்து ஒரு மூட்டை சீனி கடனாகப் போனாலும் அது பற்றுக் கொப்பியில் ஏறாமல் போகாது. மாலையில் கடை மூடுமுன் காசுப் பெட்டியையும் நாளேட்டையும் ஒத்துப் பார்க்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால் அவரே சொல்வார்: அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம் அது. சீனி மூட்டைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு மனித உயிரைத் தேடும்போது ஏன் இல்லாமல் போக வேண்டும் என்பதுதான் எனது கேள்வி. அன்று கூட்டத்தில் ஒழுங்காகச் சொல்ல முடியாமல் போனதை இந்த வாரம் எழுதுகிறேன்.

நான் விட்ட பிழை

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்துபோன பிறகு, பாடசாலை ஒன்றில் திறந்த முகாமில் பெயர் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. கையில் ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை. வந்தவர்களின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எழுதினேன். முதல் நாள் இரவே கொப்பியில் பாதி நிறைந்துவிட்டது. எங்களது பெயர்களின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஒரே பக்கத்தில் நான்கு முஹம்மது இஸ்மாயில், மூன்று பாத்திமா. ஒருவர் எம்.ஐ.எம். என்று சொல்வார், அவரைத் தேடி வருபவர் அவரது வீட்டுப் பெயரைச் சொல்வார்.

இரண்டாம் நாள் காலை கல்முனைப் பக்கமிருந்து ஒருவர் தன் சகோதரியின் மகனைத் தேடி வந்தார். பெயர் கொப்பியில் இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் "மாமா கூட்டிப் போனார்" என்று ஒரு வரி. எந்த மாமா, எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு, ஒன்றும் இல்லை. தேடி வந்தவரும் அந்தப் பிள்ளைக்கு மாமாதான். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் ஏறாவூர்ப் பக்கத்து முகாமொன்றில் பிள்ளை கிடைத்தான், அல்ஹம்துலில்லாஹ். தாயின் மற்றொரு சகோதரர் கூட்டிப் போயிருந்தார். ஆனால் அந்த இரண்டு நாளும் அந்த மனிதர் ஜனாஸாக்கள் வைக்கப்பட்டிருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு வரி கூடுதலாக நான் எழுதியிருந்தால் அவருக்கு அந்த இரண்டு நாள் வந்திருக்காது.

வானொலிப் பதிவேடு என்று நான் சொல்வது இதே விடயம்தான். முகாமில் ஆட்கள் வந்து போகிறார்கள், வானொலியில் செய்திகள் வந்து போகின்றன. இரண்டுக்கும் நேரமும் பெயரும் வேண்டும்.

பதிவேட்டில் என்ன இருக்கும்?

கடலோடிகளுக்கு இது புதிதல்ல. கப்பல்களின் வானொலி அறையில் நிமிடத்துக்கு நிமிடம் குறிப்பெழுதும் வழக்கம் நூறு வருடங்களுக்கு மேற்பட்டது. 1912 இல் டைட்டானிக் மூழ்கியபோது எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எதைக் கேட்டது என்பதை விசாரணை செய்தவர்கள் அறிந்துகொண்டதில் அந்தக் குறிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. பழைய கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரத்தில் மணிக்கு இரண்டு தடவை, மும்மூன்று நிமிடம், சிவப்பு நிறம் தீட்டியிருக்கும். அந்த நிமிடங்களில் எவரும் பேசக் கூடாது, ஆபத்துக் குரல் ஏதும் வருகிறதா என்று எல்லோரும் காதைக் கொடுத்திருக்க வேண்டும். மௌனத்துக்கும் நேரம் குறித்து வைத்த தொழில் அது.

அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் படைகளுக்காக 1970 களில் கலிபோர்னியாவில் உருவான அனர்த்தக் கட்டளை முறையில் இதற்கென்றே ஒரு படிவம் உண்டு. ஐ.சி.எஸ். 309 என்பது அதன் இலக்கம். அதைப் பார்த்தால் நம் நாளேட்டின் தம்பி போலத்தான் இருக்கும். நேரம், அழைத்தவர், அழைக்கப்பட்டவர், செய்திச் சுருக்கம். இவற்றோடு எடுத்த நடவடிக்கைக்கும் எழுதியவரின் சுருக்கொப்பத்துக்கும் ஒவ்வொரு நிரல் சேர்த்தால் நமக்குப் போதும். நேரம் 24 மணித்தியால முறையில் எழுதப்பட வேண்டும். காலை 7 ஆ இரவு 7 ஆ என்ற சந்தேகம் வரக் கூடாது.

நமது வாவியையே எடுத்துக்கொள்வோம். வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் சில இடங்களில் கூப்பிடு தூரம், சில இடங்களில் கண்ணுக்கெட்டாத அகலம். கண்டல் மறைவுகள், புல் தீவுகள், வெள்ள காலத்தில் எது வயல் எது வாவி என்று தெரியாத கரைகள். இங்கே ஒரு தோணி கவிழ்ந்து மூன்று படகுகள் தேடப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் படகு 10.40 க்கு, "காங்கேயனோடைக் கரை பார்த்து முடிந்தது" என்கிறது. இரண்டாம் படகு 10.55 க்கு, "ஒரு செருப்பு கிடைத்தது" என்கிறது. மூன்றாம் படகிலிருந்து சத்தமே இல்லை. கரையிலிருப்பவர் இதையெல்லாம் மனதில் வைத்திருக்கிறார். 11.30 க்கு லுஹருக்காகவோ சாப்பாட்டுக்காகவோ ஆள் மாறுகிறார். புதிதாக வந்தவருக்குச் செருப்பு எங்கே கிடைத்தது என்று தெரியாது. மூன்றாம் படகு கடைசியாகப் பேசி எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. பார்த்து முடித்த கரையையே மீண்டும் ஒரு படகு பார்க்கிறது, பார்க்காத கரை பார்க்காமலே கிடக்கிறது.

இதில் மிக ஆபத்தானது மூன்றாம் படகு. தேடப் போனவர்களே தொலைந்துபோவது உலகம் முழுவதிலும் நடந்திருக்கிறது. பேசியதைக் கேட்டால் யாரும் கவனிப்பார்கள். ஒருவர் பேசாமலிருப்பதைக் கவனிக்க ஒரு பதிவேடு வேண்டும்.

2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் அரபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படையினரும் ஊர்த் தொண்டர்களும் நாட்கணக்கில் தேடினார்கள். அந்த நாட்களில் நானும் பல பேரைப் போல போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்திக்குக் காத்திருந்தவன். ஒரே விடயம் பத்து விதமாக வந்தது. கிடைத்துவிட்டார்கள் என்று ஒரு குரல் பதிவு, இல்லை என்று இன்னொன்று. பெற்றோர் இருக்கும் வீட்டுக்கும் அதே குரல் பதிவுகள் போயிருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தேடும் இடத்தில் ஒரே பதிவேடும் அதிலிருந்து மட்டும் பேசும் ஒரே ஆளும் இருந்தால் குடும்பத்தவருக்குப் போகும் செய்தியாவது ஒன்றாக இருக்கும். எந்தத் தேடுதலுக்கும் இது பொருந்தும்.

கம்ப்யூட்டர் என்ன கூடுதலாகச் செய்கிறது?

கொப்பியில் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதும். கொப்பி இல்லாமல் கம்ப்யூட்டர் வாங்குவதைவிடக் கம்ப்யூட்டர் இல்லாமல் கொப்பி வைத்திருப்பது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் மென்பொருளால் கொப்பிக்கு முடியாத சில காரியங்கள் நடக்கின்றன.

கலிபோர்னியாவின் நெவாடா மாவட்ட ஷெரிப் திணைக்களத்தோடு இயங்கும் தேடுதல் மீட்புக் குழுவினர் தமக்காகவே 'ரேடியோலொக்' என்றொரு மென்பொருளைச் செய்து, அதை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து விட்டிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு குழுவுக்கும் தனியே ஒரு பக்கம் உண்டு. செய்தி வந்தவுடன் நேரம் தானாக விழுந்துவிடும். ஒரு குழு கடைசியாகப் பேசி எவ்வளவு நேரமாயிற்று என்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும், குறித்த நேரம் தாண்டினால் நிறம் மாறி எச்சரிக்கும். நமது மூன்றாம் படகுக்கு வேண்டியது இதுதான். கிடைத்த தடயங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. செருப்பு, துண்டு, எது கிடைத்தாலும் இலக்கமிட்டு ஏற்றலாம். சில கென்வூட் கருவிகளில் பேசும் விசையை அழுத்தியதுமே கருவியின் அடையாள இலக்கமும், அது நிற்கும் இடமும் கூடவே அனுப்பப்படும். மென்பொருள் அதைப் படித்து, பேசுவது எந்தக் குழு என்று எழுதுபவருக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. மலிவு விலைக் கருவிகளில் அந்த வசதி இராது என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்மவர்களுக்கு முதற்கட்டமாக இவ்வளவும் தேவையில்லை. கடையில் விலைப்பட்டியல் போடும் எக்செல் தாளே போதும். நான்கைந்து நிரல்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கொன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய இரு விசைகளையும் பிடித்தபடி அரைப்புள்ளி விசையைத் தட்டினால் அந்த நிமிடத்து நேரம் கட்டத்தில் விழும், பிறகு மாறாது. சிலர் கெட்டித்தனமாக 'நவ்' என்ற சூத்திரத்தைப் போடுவார்கள். அது பெரிய தவறு. தாள் மீண்டும் கணக்கிடப்படும் ஒவ்வொரு முறையும் பழைய வரிகளின் நேரமெல்லாம் இப்போதைய நேரமாக மாறிவிடும். காலையில் வந்த செய்தியும் மாலையில் வந்ததாகக் காட்டும். இது தெரியாமல் லொறிகளின் வருகைப் பதிவேட்டைப் பாழாக்கிய ஒரு களஞ்சியத்தை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு விதி, எழுதிய வரியை அழிக்கக் கூடாது. பிழையென்றால் கீழே புதிய வரியில் "மேலே 10.55 இன் இடம் பிழை, சரியான இடம் இது" என்று எழுத வேண்டும். பேரேட்டில் வெள்ளை மை பூசினால் கணக்காய்வாளர் என்ன சொல்வார் என்பது வர்த்தகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்திலேயே காகிதமும் பேனையும் இருக்கட்டும். வெள்ள நேரத்தில் முதலில் போவது மின்சாரம்தான்.

கொழும்பில் பிறந்த 'சஹன'

இந்த விடயத்தில் உலகத்துக்கே முன்மாதிரியான ஒரு வேலை நம் நாட்டில்தான் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நான் முகாமில் சீ.ஆர். கொப்பியோடு இருந்த அதே நாட்களில், கொழும்பில் மென்பொருள் வல்லுநர்கள் பலர் தொண்டர்களாகச் சேர்ந்து இரவு பகலாக ஒரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள். சஞ்சீவ வீரவரண போன்றோர் தொடங்கிய லங்கா மென்பொருள் மன்றம் இதற்கு முன்னின்றது. நிவாரணம் என்று பொருள்படும் 'சஹன' என்ற சிங்களச் சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். காணாமற் போனோர் பதிவு, நிவாரண நிறுவனங்களின் பதிவு, முகாம்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பதிவு என்று பகுதி பகுதியாக அது அமைந்தது. சுனாமிக்குப் பின் அரசாங்கம் கொழும்பில் அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது பயன்பட்டது.

திறந்த மூல மென்பொருளாக விட்டதால் அது அத்தோடு நிற்கவில்லை. 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே வருடம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம், 2008 இல் சீனாவின் சிச்சுவான், 2010 இல் ஹெயிட்டி என்று போய்ச் சேர்ந்தது. சமூக நலனுக்கான திட்டம் என்ற வகையில் சுயாதீன மென்பொருள் மன்றத்தின் 2006 ஆம் ஆண்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. நம் கண்ணீரில் பிறந்த ஒரு பொருள் பாகிஸ்தானிலும் ஜாவாவிலும் உள்ள சகோதரர்களுக்கும் உதவியிருக்கிறது.

ஆனால் எங்கள் பாடசாலை முகாமுக்கு அது எட்டவில்லை. எங்களிடம் கம்ப்யூட்டரும் இல்லை, சஹன என்ற பெயரும் தெரியாது. பிற்பாடு நிவாரணத்தில் எமது பங்கு எமக்குக் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராகப் பேசினோம். கச்சேரியில் கேட்டால் ஆதாரம் கொண்டுவாருங்கள் என்பார்கள். எத்தனை குடும்பம், எந்தத் திகதியில், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று காட்ட எங்களிடம் இருந்தவை கரை நனைந்த கொப்பிகள் மட்டுமே. சிலவற்றில் ஒரே குடும்பம் மூன்று முறை இருந்தது. நியாயம் நம் பக்கம் இருந்தும் பட்டியல் நம் பக்கம் இல்லாமல் போனது.

வாங்குமுன்

கருவிகளை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பேசத் தொடங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி வானொலிக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இணையத்தில் மலிவாகத் தருவித்த கருவி என்பது ஒரு சாட்டாகாது. யுத்த காலத்தில் நமது பகுதியில் இப்படியொரு கருவியோடு பிடிபட்டால் என்ன நடந்திருக்கும் என்பது முப்பது வயது தாண்டியவர்களுக்குத் தெரியும். நிலைமை மாறிவிட்டது, சட்டம் இருக்கிறது. தொண்டர் குழுவின் பெயரில் விண்ணப்பிப்பதோடு, 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நமது குழுவின் விபரத்தைக் கொடுத்து வைப்பது நல்லது. தேடுதலின்போது கடற்படையும் பொலிசும் நம்மைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். 117 என்ற இலக்கம் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

போன் இருக்கும்போது வானொலி எதற்கு என்ற கேள்வியும் கூட்டத்தில் வந்தது. சுனாமியன்று போன் என்னவாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும் நாட்டின் பல இடங்களில் தொடர்பு அறுந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய வானொலி ஆர்வலர் தம் குழுவினரோடு அந்தமானின் போர்ட் பிளேயரில் பொழுதுபோக்காக நிலையம் அமைத்திருந்தார். கடல் வந்த பிறகு அங்கிருந்து வெளியே செய்தி அனுப்பவும் உறவினரைத் தேடவும் அந்த நிலையம்தான் பலருக்குத் துணையாக இருந்தது. நம் நாட்டிலும் அம்பாந்தோட்டையோடு தொடர்பு ஏற்படுத்த இத்தகைய தொண்டர்கள் உதவினார்கள். ஆயினும் கையடக்கக் கருவி அதிக தூரம் பேசாது. சில கிலோமீற்றர்தான். உயரமான இடத்தில் நின்றால் கொஞ்சம் கூடும், மரமும் கட்டடமும் மறைத்தால் குறையும். வாவியின் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்குப் பேசலாம் என்று எவராவது விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். படகில் ஏற்றி மண்முனைப் பாலத்தடியில் ஒருவரை நிறுத்திப் பேசிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

எழுதுவதற்கு ஆள் வேண்டும் என்பதை முதலில் சொன்னேன். நீச்சல் தெரிந்த வாலிபர்கள் எல்லோரும் படகில் ஏறவே விரும்புவார்கள். கரையில் குந்தியிருந்து எழுத எவரும் முன்வர மாட்டார்கள். உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! வேகமாகத் தட்டச்சு செய்வார்கள், காது கூர்மையாக இருக்கும், பொறுமையும் உண்டு. பள்ளிவாசலுக்குப் பக்கத்திலுள்ள ஒரு வீட்டிலோ மத்ரஸா அறையிலோ இருவர் இருவராக முறை வைத்து அமர்த்தலாம். ஒருவர் பேச்சைக் கேட்டு எழுத, மற்றவர் பார்த்து முடித்த கரைகளை வரைபடத்தில் குறிக்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒருவரை இருத்தி வைக்கக் கூடாது, கை சோர்ந்தால் நிமிடம் தவறும்.

கூட்டத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு கருவிகள் என்றிருந்ததை எட்டாகக் குறைத்தார்கள். மிச்சக் காசில் பாவித்த மடிக்கணினி ஒன்றும் மேலதிகப் பற்றரிகளும் வாங்குவதென்றாயிற்று. அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பம் தயாராகிறது. இதற்கு ஸகாத் பணம் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். அது உலமாக்களிடம் கேட்க வேண்டியது என்று விட்டுவிட்டேன். ஒத்திகை வாவியில், மழை தொடங்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நடக்கும், இன்ஷா அல்லாஹ்.

சிரித்த ஹாஜியார் கூட்டம் கலையும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். தெரிந்த அச்சகமொன்று இருக்கிறதாம், பதிவேட்டுத் தாளை இருநூறு பிரதி தன் செலவில் அடித்துத் தருகிறாராம். மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் போட வேணும் தம்பி, இல்லாட்டி இடையில ஒரு தாளக் கிழிச்சா யாருக்குத் தெரியும்?" என்றார். எனக்கு அது தோன்றவில்லை. இலக்கத்தோடுதான் அச்சாகிறது.